ரும்மானாவின் சைரன்காரன்

ரும்மானாவில் கஸ்வான் எங்கே என்று கேட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். அபூ கைஸ் எங்கே என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட குன்றைக் காட்டும். இரண்டும் ஒரே ஆள்தான். அபூ கைஸ் என்றால் கைஸின் அப்பா. தலைப்பிள்ளை பிறந்த அன்றே எங்கள் பக்கத்தில் அப்பனின் பேர் போய்விடும், பிள்ளையின் பேர் வந்து ஒட்டிக்கொள்ளும். அந்தப் பிள்ளை ஏழு வயதில் போய்ச் சேர்ந்தாலும் ஒட்டியது ஒட்டியதுதான். ரொட்டிக்கடையில் நின்றாலும், தொழுகைக்கு வரிசையில் நின்றாலும், சண்டைக்கு வந்தவன் வாயிலும் 'அபூ கைஸ்'தான். ஆறு வருடமாகத் தெருவில் இறங்கினால் செத்த மகனின் பேரைக் கேட்டுக்கொண்டேதான் அவன் நடக்க வேண்டியிருந்தது. அவன் மனைவி நஜ்லாவுக்கும் அதே கதி. அவள் உம்மு கைஸ், கைஸின் அம்மா.

போருக்கு முன்னால் மோட்டாருக்குக் காயில் கட்டுவது அவன் தொழில். போர் வந்தது, மின்சாரம் போனது, கட்டிய காயிலெல்லாம் களிம்பேறியது. அப்போது எங்கிருந்தோ ஒரு பழைய தீயணைப்பு வண்டியின் சைரனைக் கொண்டுவந்து ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் மாட்டினான். அதற்கு ஒரு லாரி பேட்டரி. ஊருக்கு மேற்கே குன்றின் மேல் ஒற்றை அறை கட்டி, ஒரு வயர்லெஸ் பெட்டி, ஒரு பைனாகுலர், தொட்டியிலிருந்து கம்பி இழுத்த ஒரு சிவப்புப் பித்தான் இவற்றோடு உட்கார்ந்தான். அவனைப் போல ஊர் ஊருக்கு ஆட்கள் இருந்தார்கள். விமானம் எந்தத் தளத்திலிருந்து கிளம்பியது, எந்தப் பக்கம் திரும்பியது என்று ஒருவர் சொல்ல அடுத்தவர் கேட்டுக்கொள்வார்கள். தம் ஊர்ப் பக்கம் வருகிறது என்று தெரிந்தால் பித்தானை அழுத்துவார்கள். அழுத்தினால் தொட்டி மேல் சைரன் ஏறி ஏறி இறங்கும். ஜனம் கீழே இறங்கும்.

கீழே என்றால் குகை. ரும்மானாவில் பழைய வீடுகளின் அடியில் பாறையைக் குடைந்த குகை உண்டு. அந்தக் காலத்தில் எண்ணெயும் தானியமும் வைத்தார்கள், இந்தக் காலத்தில் மனிதர்களை வைத்தார்கள். சைரன் கேட்டால் இறங்க வேண்டும். வாக்கிடாக்கியில் அபூ கைஸின் குரல் வந்து, "போயிடுச்சு, மேல வாங்க" என்று சொன்ன பிறகுதான் ஏற வேண்டும். சைரன்தான் நின்றுவிட்டதே என்று அவசரப்பட்டு ஏறி, இரண்டாவது சுற்றில் மாட்டிக்கொண்ட குடும்பங்கள் பக்கத்து ஊர்களில் நிறைய. அதனால் வீட்டுக்கு வீடு ஒரு வாக்கிடாக்கி இருந்தது. ஒன்பது வருடம் ஊர் இந்த ஒழுக்கத்தில்தான் உயிர் பிழைத்தது.

ரொட்டிக்கடை அபூ ஷஹீருக்கு வாய் நீளம். அபூ கைஸைக் கண்டால் சும்மா விடமாட்டான்.

"வந்துட்டான்யா! உன் மூஞ்சியப் பாத்தாலே என் காலு தானா கீழ போகுது. நீ ஒரு நல்ல சேதி சொல்லி இந்த ஊர்ல எவனாவது கேட்டிருக்கானா?"

"நீ கருகாத ரொட்டி போட்டு எவனாவது தின்னுருக்கானா? அத மொதல்ல சொல்லு."

"என் மக கல்யாணத்துக்கு உன்னக் கூப்பிட மாட்டேன். மாப்பிள்ளை வீட்டுக்காரன் உன்னப் பாத்ததும் குகைக்குள்ள பூந்துக்குவான்."

ஜனம் சிரிக்கும். அவனும் சிரிப்பான். ஆனால் குன்றுக்குத் திரும்பும்போது கணக்காக ஒரு நிமிடம் தன் வீட்டுப் பக்கத் தெருமுனையில் நிற்பான். கைஸ் விழுந்த இடம் அது.

அன்று காலை அவன் நேரத்தோடுதான் அழுத்தினான். நாலு நிமிடம் முன்னால். நஜ்லா முற்றத்துத் தந்தூர் அடுப்பில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். மாவு ஒரே ஓர் உருண்டை மிச்சம். இதையும் போட்டுவிட்டு இறங்கலாம் என்று நினைத்தாள். பையன் சுவர் மேல் ஏறி வானத்தைப் பார்க்கப் போனான், குண்டு தெருமுனையில் விழுந்தது. அவ்வளவுதான். அபூ கைஸ் ஒருநாளும் அந்த ரொட்டியைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டு, கத்தி, கையில் கிடைத்ததை உடைத்திருந்தால் அவளுக்குக் கொஞ்சமாவது ஆறியிருக்கும். அவன் நல்லவனாக இருந்து அவளைக் கொன்றான்.

அதற்குப் பிறகு சைரன் கேட்டால் ஊரிலேயே முதலில் இறங்குவது நஜ்லா. பால் பொங்கினாலும் பொங்கட்டும், தலை பாதி வாரியிருந்தாலும் கிடக்கட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் வாரிக்கொண்டு போவாள். "உம்மு கைஸ் முந்தானையப் புடிச்சா உசிரு தப்பும்டி" என்று பெண்கள் கேலியாகவும் சொல்வார்கள், மெய்யாகவும் சொல்வார்கள். பிறகு ரனீம் பிறந்தாள். குகையில் படிகளை எண்ணித்தான் அந்தப் பெண் எண்ணவே கற்றுக்கொண்டாள். பதினாலு படி.

இப்படி இருக்கும்போதுதான் நிலநடுக்கம் வந்தது. வானத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஊருக்குத் தரை துரோகம் செய்தது. செத்தவர்களைப் புதைத்து, கூடாரம் போட்டு, மூச்சு விடுவதற்குள் இன்னொன்று தெரிந்தது. ஊருக்கு மேலே பள்ளத்தாக்கின் தலையில் இருக்கும் மண்ணணையில் விரிசல். தாத்தா காலத்தில் தோட்டப் பாசனத்துக்குக் கட்டிய சின்ன அணைதான். ஆனால் ஒரு மழைக்காலம் நிரம்பினால் போதும், பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் கூடார முகாமும் அபூ கைஸின் வீடு இருக்கும் கீழத்தெருவும் இருந்த இடம் தெரியாது.

உதவி நிறுவனம் வந்தது. ரூலா என்ற இளம் பொறியாளர் வந்தாள். நல்ல பெண். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போகிற ரகம் இல்லை. அணையைத் தானே நடந்து அளந்தாள். உடைந்தால் தண்ணீர் கீழத்தெருவுக்கு வரப் பன்னிரண்டு நிமிடம் என்றாள். பள்ளிக்கூடத்தில் ஊரைக் கூட்டி, ஆளுக்கு ஒரு பிஸ்கட் பொட்டலமும் பழச்சாறும் கொடுத்து, வரைபடத்தை விரித்தாள். ஊருக்கு மேலே பாதாம் மேடு இருக்கிறதே, எல்லோரும் அங்கே ஏற வேண்டும். பாறைகளில் பச்சை அம்புக்குறி போட்டார்கள். கமிட்டி போட்டார்கள். கமிட்டிக்காரர்களுக்கு ஆரஞ்சு நிற மேற்சட்டையும் விசிலும் கொடுத்தார்கள். அபூ ஷஹீர் அந்த மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு வாரம் ரொட்டி சுட்டான்.

அணையும் ஊரும் சேர்ந்து தெரிகிற இடம் அபூ கைஸின் குன்று ஒன்றுதான். ஆகவே வெள்ளக் காவலும் அவன் தலையில் விழுந்தது. முதல் கட்டத்தில் பயிற்சி, இரண்டாம் கட்டத்தில் புதுக் கருவி என்றாள் ரூலா. பேசுகிற ஒலிபெருக்கிகள் வரும், நாலு தெருவிலும் கம்பம் நட்டு மாட்டுவோம், 'மேலே ஏறுங்கள்' என்று வாய்விட்டுச் சொல்லும் என்றாள். அபூ கைஸுக்கு அதைக் கேட்டபோதே பாதி பாரம் இறங்கியது.

இரண்டாம் கட்டம் வரவில்லை. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை. எங்கோ ஒரு நாட்டில் யாரோ ஒரு மேசையில் உட்கார்ந்து எங்கள் இரண்டாம் கட்டத்தை வெட்டிவிட்டார்கள். ரூலா குன்றின் மேல் வந்து, தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே சொன்னாள்.

"அண்ணே, பழைய சைரனையே வச்சுக்க வேண்டியதுதான். விமானம்னா ஏறி ஏறி இறங்கட்டும். வெள்ளம்னா ஒரே சீரா நீளமா ஊதுங்க. வித்தியாசத்த நோட்டீஸ் அடிச்சு வீடு வீடா குடுத்துருவோம்."

"ஏம்மா, இந்தச் சத்தத்துக்கு ஒம்பது வருஷமா கீழ போனவங்க. நோட்டீஸ் கண்ணு படிக்கும். காலு படிக்குமா?"

"படிக்க வைக்கணும். ஒத்திகை பாத்தா காலு பழகிரும்."

"வேற சத்தமே இல்லையா? மணி, பறை, எதாவது?"

"முகாமுலேருந்து கீழத்தெரு வரைக்கும் கேக்குற மாதிரி வேற என்ன இருக்கு? நீங்களே சொல்லுங்க."

அவன் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். மோதினார் பாங்கு சொல்லும் பள்ளிவாசல் ஒலிபெருக்கி இருந்தது. அது பள்ளிவாசல் தெரு தாண்டாது. வாக்கிடாக்கி இருந்தது. ஆனால் ஒரு வருடமாக விமானம் குறைந்திருந்தது. ஜனம் வாக்கிடாக்கியை விற்று மாவு வாங்கியிருந்தார்கள். மிச்சமிருந்தவை பத்தோ பன்னிரண்டோ.

ஒத்திகை நாளும் வந்தது. கலந்துகொள்பவர்களுக்கு ஒரு வாளியும் சோப்பும் உண்டு என்று சொன்னதால் கூட்டத்துக்குக் குறைவில்லை. அபூ கைஸ் நீளமாக ஒரே சீராக ஊதினான். பைனாகுலரில் பார்த்தான். கூடாரத்து ஜனம் வரிசையாகப் பாதாம் மேட்டுக்கு ஏறியது. அவர்களுக்குக் குகை கிடையாது, போக வேறு இடமும் கிடையாது. கீழத்தெருவில் கதவுகள் திறந்தன. பாதிப் பேர் வெளியே வந்தார்கள். பாதிப் பேர் கீழே போனார்கள். முன்னால் போனது நஜ்லா. ஒத்திகை என்று முந்தின இரவு அவனே சொல்லியிருந்தான். அவளும் சரி என்று தலையாட்டியிருந்தாள்.

ரூலா மேட்டில் நின்று ஏறியவர்களைப் படம் எடுத்தாள். இறங்கியவர்களைப் படம் எடுக்க முடியாது, அவர்கள்தான் பூமிக்குள் இருந்தார்களே.

அன்று மாலை வீட்டில் நஜ்லா வெட்கப்பட்டாள்.

"எனக்குத் தெரியும்ங்க. இது தண்ணிச் சத்தம், மேல போகணும்னு மனசுக்குத் தெரியும். ஆனா சைரன் காதுல விழுந்ததும் கண்ணு தெறக்கறப்போ நான் பத்தாவது படியில நிக்கிறேன். ரனீம் இடுப்புல இருக்கா. எப்ப தூக்கினேன்னே தெரியல."

"பரவால்ல. பழகிக்கலாம்."

"என்னைத் திட்டுங்களேன்."

அவன் திட்டவில்லை. மறுநாளிலிருந்து தினமும் மாலை அஸர் தொழுதுவிட்டு அவளையும் ரனீமையும் கூட்டிக்கொண்டு பாதாம் மேட்டுக்கு ஏறினான். அவள் நன்றாக ஏறினாள். வழியில் கீரை பறித்தாள், பக்கத்து வீட்டுக் கதை பேசினாள். போன வாரம் ரனீம் வாந்தியெடுத்ததற்கு மாமியார் வீட்டுப் பருப்புதான் காரணம் என்று வாதாடினாள். சைரன் இல்லாதபோது அந்தக் கால்கள் எங்கே வேண்டுமானாலும் போயின. அதன் பிறகு ஒருநாள் குகைக் கதவுக்குப் பூட்டுப் போட்டான். பூட்டு இருபது நாள் தொங்கியது. அக்டோபரில் ஒரு காலை மறுபடியும் விமானம் வந்தது. சைரன் ஊதியது. நஜ்லா பூட்டைக் கல்லால் அடித்துக்கொண்டிருந்தபோது மேலத்தெருவில் இரண்டு வீடு போனது. அன்று ராத்திரி அவனே பூட்டைக் கழற்றி எறிந்தான்.

இரண்டு சாவும் மெய்யான சாவு. ஒன்றுக்குக் கீழே போக வேண்டும், ஒன்றுக்கு மேலே போக வேண்டும், இரண்டுக்கும் ஒரே சைரன். இந்தக் கணக்கை உலகத்தில் எந்தப் பொறியாளர் வந்தாலும் தீர்த்திருக்க முடியாது. தீர்க்க இரண்டாம் கட்டம் வேண்டும்.

மார்ச்சில் மூன்று நாள் விடாமல் மழை. எங்கள் ஊரில் எல்லாம் சூரியனில் ஓடுகிறது. விளக்கு, செல்போன், பள்ளிவாசல் ஒலிபெருக்கி, செல்போன் கோபுரம், வாக்கிடாக்கி, அத்தனையும் சோலார். மூன்று நாள் சூரியன் இல்லையென்றால் ஊர் ஊமை. வெள்ளம் மழையில்தான் வரும், மழையில் சூரியன் இருக்காது என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் வரைபடம் போட்ட ரூலாவுக்கும் அது தோன்றவில்லை, கமிட்டிக்கும் தோன்றவில்லை, மோட்டார் காயில் கட்டிப் பிழைத்த அபூ கைஸுக்கும் தோன்றவில்லை. சைரனின் லாரி பேட்டரியை மட்டும் அவன் வழக்கம்போல டீசல் எஞ்சினில் ஏற்றி வைத்திருந்தான். ஒன்பது வருடப் பழக்கம்.

மூன்றாம் நாள் நண்பகல் லுஹர் தொழுகை முடிந்து, ஊர் சாப்பிட்டுவிட்டுப் போர்வைக்குள் முடங்கிய நேரம். அபூ கைஸ் பைனாகுலரைத் துடைத்துவிட்டு அணையைப் பார்த்தான். அணையின் உதடு ஒரு பக்கம் கோணியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சரிந்தது. சத்தமே கேட்கவில்லை. பழுப்பு நிறத்தில் தண்ணீர் அகலமாக வந்தது.

வாக்கிடாக்கியை எடுத்தான். "மேல ஏறுங்க! ரும்மானா, மேல ஏறுங்க! அபூ ஷஹீர்! மோதினார்! யாராவது இருக்கீங்களா?"

யாரும் இல்லை. அவன் கையிலிருந்ததில் உயிர் இருந்தது, கேட்க வேண்டியவற்றில் இல்லை. செல்போனில் கோபுரமே காட்டவில்லை. மீதி இருந்தது சிவப்புப் பித்தான்.

ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அவன் விரல் நின்றது. அழுத்தாவிட்டால் கூடாரங்களில் தூங்குகிற அத்தனை பேரும் போவார்கள். அழுத்தினால் நஜ்லா இறங்குவாள். அழுத்தாவிட்டால் அவள் வீட்டில் இருப்பாள், தண்ணீர் முற்றத்துக்கு வந்தால் பார்ப்பாள், ரனீமைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறுவாள். கல் வீடு, நிற்கும். அவளைத் தப்ப வைக்க வேண்டுமானால் அவன் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை, சும்மா இருந்தால் போதும். ஒரு ஃபாத்திஹா, ஏழே வரி, ஓதி முடிக்கிற நேரம் அவன் சும்மா இருந்தான். பிறகு அழுத்தினான்.

நீளமாக, ஒரே சீராக, நோட்டீஸில் போட்டபடி ஊதினான். கூடாரங்களிலிருந்து ஜனம் எறும்பாகக் கிளம்பிப் பாதாம் மேட்டுப் பக்கம் ஏறியது. கிழவர்களை முதுகில் சுமந்து ஏறினார்கள். கீழத்தெருவிலும் கதவுகள் திறந்தன. அந்தத் தூரத்தில் முகம் தெரியாது. ஆனால் பதினைந்து வருடம் கூட வாழ்ந்தவளின் நடை தெரியாமல் போகுமா? இடுப்பில் ஒன்று, கையில் இரண்டு பிள்ளைகள். முற்றத்தைக் குறுக்கே கடந்தாள். மேட்டுப் பக்கம் திரும்பவில்லை.

"நஜ்லா, மேல! மேல போ, நஜ்லா!" கண்ணாடி ஜன்னலைப் பார்த்துக் கத்தினான்.

சைரனை நிறுத்தினால் ஏறி வருவாளோ என்று நினைத்து விரலை எடுத்தான். அப்புறம்தான் நினைவு வந்தது. சைரன் நின்றால் யாரும் ஏறமாட்டார்கள். அவன் குரல் வந்தால்தான் ஏறுவார்கள். அப்படித்தான் அவனே பழக்கியிருந்தான். அவனுடைய வீட்டில் செத்த வாக்கிடாக்கி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இருட்டில், அவன் குரலுக்காக ஒருத்தி காத்திருக்கிறாள். மறுபடியும் பித்தானை அழுத்தி, எழும்பாதபடி மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளுக்கு ஓடினான்.

குன்றிலிருந்து இறங்கும் பாதை சேறு. இரண்டு இடத்தில் விழுந்தான். மூன்றாவது இடத்தில் வண்டியைப் போட்டுவிட்டு ஓடினான். தண்ணீருக்குச் சேறு தடையில்லை. அவன் தெருமுனைக்கு வந்தபோது வெள்ளத்தின் முதல் அலை கடந்து போய், முழங்காலளவில் வடிந்துகொண்டிருந்தது. தொட்டி மேல் சைரன் இன்னும் ஊதிக்கொண்டிருந்தது.

அவன் வீட்டு முற்றத்தில் அபூ ஷஹீர் ஆரஞ்சு மேற்சட்டையோடு சேறு படிந்த மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். அவன் கையிலிருந்து ரத்தம் வழிந்தது. மடியில் ரனீம். குகைக்கு முற்றத்துப் பாறையில் ஒரு காற்றுத் துளை உண்டு, ரொட்டிப் பலகை அகலம்தான் இருக்கும். பக்கத்து மாடியில் ஏறி நின்ற அபூ ஷஹீர் அந்தத் துளையிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே வருவதைப் பார்த்துக் குதித்திருக்கிறான். முதலில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டையும் இழுத்தான், பிறகு ரனீமை. கீழேயிருந்து ஒருத்தி ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுத்திருக்கிறாள். அந்தத் துளையில் பெரிய ஆள் நுழைய முடியாது.

"கல்லப் பேத்தேன், அபூ கைஸ்," என்றான் அபூ ஷஹீர். "கையால பேத்தேன். வரல. அது பாறைடா. அவ கையப் புடிச்சுக்கிட்டே இருந்தேன். கடைசி வரைக்கும் புடிச்சுக்கிட்டேதான் இருந்தேன்."

அபூ கைஸ் மகளைத் தூக்கினான். அவள் உடம்பு முழுக்கச் சேறு. குரலைத் தாழ்த்தி, அவன் காதோடு கேட்டாள்.

"விமானம் போயிடுச்சா, பாபா?"

"போயிடுச்சு."

"நீங்க சொல்ற வரைக்கும் வெளிய வரக்கூடாதுன்னு அம்மா சொன்னாங்க. இவருதான் இழுத்துட்டாரு. என்னத் திட்டாதீங்க."

கீழத்தெருக் குகைகளில் அன்று நஜ்லாவோடு சேர்த்துப் பதினோரு பேர் போனார்கள். கூடார முகாமில் ஒரு ஆள்கூடச் சாகவில்லை. கூடாரம் ஒன்றுகூட மிச்சமில்லை, ஆனால் ஜனம் அத்தனையும் மேட்டில் நின்றது. மறுநாளிலிருந்து அவர்கள் வந்தார்கள். கிழவிகள் அவன் கையைப் பிடித்து முத்தமிட்டார்கள், ஒருத்தி தன் பேரப்பிள்ளையை அவன் காலடியில் போட்டாள். அவன் கையை உதறிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்தான். குகைகளில் செத்தவர்களின் வீட்டுக்காரர்களும் வந்தார்கள். ஒருவர்கூட அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நஜ்லாவுக்கு அவன் என்ன செய்தான் என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

ஐந்தாம் நாள் ரூலா வந்தாள். கண் வீங்கியிருந்தது. கையில் ஒரு படிவம். அதை நிரப்பாமல் கூடாரம் வராது, போர்வை வராது. பாவம், அவள் மட்டும் என்ன செய்வாள்?

"எச்சரிக்கை குறிச்ச நேரத்துல குடுக்கப்பட்டுச்சான்னு கேட்டிருக்கு, அண்ணே."

"குடுத்தேன்."

"நேரத்தோட?"

ஒரு ஃபாத்திஹா நேரம். அவன் அதைச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அழுத்தியிருந்தால் நஜ்லா இன்னும் சீக்கிரம் இறங்கியிருப்பாள், அவ்வளவுதானே வித்தியாசம்.

"நேரத்தோடதான். ஆமான்னு போட்டுக்கம்மா."

அவள் ஆமாம் என்று போட்டாள். போட்டுவிட்டு, பேனாவை மூடத் தெரியாமல் அழுதாள். "நான்தான் அண்ணே சொன்னேன், காலு பழகிரும்னு."

"காலு பழகித்தான் இருந்துச்சு. நான் பழக்கினது."

பதினெட்டாம் நாள் வானம் துடைத்துவிட்டது போல வெயில் அடித்தது. ஊர் முழுக்கச் சோலார் பலகைகளைக் கழுவிச் சாய்த்து வைத்திருந்தார்கள். நிறுவனம் புது வாக்கிடாக்கி ஐம்பது கொடுத்திருந்தது. அத்தனையிலும் உயிர் இருந்தது. மேலத்தெருக் குகைகள் நிலநடுக்கத்திலேயே இடிந்திருந்தன, கீழத்தெருக் குகைகளில் சேறு வாய்வரை நிரம்பி இறுகிக் கிடந்தது. உடல்களை வெட்டி எடுத்தவர்கள் அதற்கு மேல் வெட்ட மனம் வராமல் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்துவிட்டார்கள். அபூ கைஸ் ரனீமை அபூ ஷஹீரின் கடையில் விட்டுவிட்டுக் குன்றுக்கு ஏறினான். வேறு எங்கே போவான்?

பத்து மணிக்கு வயர்லெஸ் பெட்டி கரகரத்தது. தெற்கே இருக்கும் காவல்காரன் பேசினான். ஒன்று கிளம்பிவிட்டது, உங்கள் பக்கம் திரும்பிவிட்டது, ஐந்து நிமிடம். அபூ கைஸ் பித்தானை அழுத்தினான். சைரன் ஏறி ஏறி இறங்கியது. வாக்கிடாக்கியை எடுத்து, விமானம் என்று சொல்ல வாயைத் திறந்தான். அதற்கு முன்னால் அபூ ஷஹீரின் குரல் வந்தது. அந்தக் குரலில் கேலி இல்லை.

"அபூ கைஸ், இது எது? மேலயா, கீழயா?"

"விமானம். கீழ போங்க."

"கீழ எங்கடா போறது? சேறுல்ல கெடக்கு."

அவன் பைனாகுலரை எடுத்தான். கதவுகளெல்லாம் திறந்திருந்தன. ஜனம் தெருவுக்கு வந்துவிட்டது. கொஞ்சம் பேர் பாதாம் மேட்டுப் பக்கம் பத்தடி ஓடினார்கள், வெட்டவெளியில் விமானத்துக்குத் தெரியும் என்று நின்றார்கள். கொஞ்சம் பேர் முற்றத்துக்குத் திரும்பினார்கள், குகை வாசலைப் பார்த்துவிட்டு மறுபடியும் வெளியே வந்தார்கள். பிறகு எல்லோரும் அப்படியே நடுத்தெருவில் நின்று அவனிருந்த குன்றைப் பார்த்தார்கள். அபூ ஷஹீரின் தோளில் ரனீம் இருந்தாள். அவளும் பார்த்தாள்.

"சொல்லு, அபூ கைஸ்," என்றது வாக்கிடாக்கி. "சொன்னா செய்யிறோம். சொல்லு."

அவன் குகை வாசல்களைப் பார்த்தான், மேட்டைப் பார்த்தான். பித்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. விமானம் ஊருக்கு மேலே தாழ்ந்து வந்து, சற்றும் நிற்காமல் வடக்கே போனது. அங்கேயும் ஓர் ஊர் இருக்கிறது.